ஐம்பது கிராம் ஆமாம்

சொல்தா அர்சேனைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம், கூடத்தில் துக்கத்துக்கு வந்தவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய பிரம்பு நாற்காலியின் கையில் கிடந்த பைப் தானாக எழுந்து டொக் டொக் என்று இரண்டு தரம் தட்டியது. மணி ஆறு. அவர் மனைவி ஒர்த்தான்ஸ் காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தட்டலைக் கேட்டால் என்ன செய்வாளோ அதையே செய்தாள். புகையிலையை எடுத்துப் பைப்பை நிரப்பி, கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கி, நாற்காலியில் வைத்தாள். பைப் பற்றிக்கொண்டு, ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் வாய் எங்கே இருக்குமோ அந்த உயரத்துக்கு ஏறி நின்று புகைய ஆரம்பித்தது. வந்திருந்த ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்து, "ஆறு ஆயிடுச்சா, புள்ளைங்க டியூஷன் விட்டு வந்துடும்" என்று எழுந்தாள். இன்னொருத்தி, "செத்தும் நேரம் தவறலை பாரு, மிலிட்டரி ஆளுங்கன்னா அப்படித்தான்" என்றாள். மற்றபடி அன்றைக்கு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. காப்பியில் சிக்கரி தூக்கலாக இருந்ததைப் பற்றித்தான் பேசினார்கள்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைக் காரைக்காலில் சொல்தா என்பார்கள். அப்படித் திரும்பிய மற்றவர்கள் கதைகளோடு திரும்பினார்கள். அர்சேன் ஒரு பைப்போடும் வாயைத் திறக்காத பழக்கத்தோடும் திரும்பினார். வீட்டில் எதைக் கேட்டாலும் பதில் புகையில்தான் வரும். உதட்டைக் குவித்து ஒரு வளையம் விட்டால் ஆமாம். வளையம் இல்லாமல் கயிறு மாதிரி நேராக மேலே விட்டால் இல்லை. குழம்புக்கு உப்புப் போதுமா என்பதற்கும் பையன் மர்சேலைப் பாரிசுக்கு அனுப்பலாமா என்பதற்கும் அதே புகைதான். தெருவும் இதைத் தெரிந்துவைத்திருந்தது. தீபாவளிச் சீட்டுப் பிடிப்பவனிலிருந்து தேர்தலில் நிற்பவன் வரை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பார்கள், மேலே பார்ப்பார்கள், போய்விடுவார்கள்.

இந்தப் புகையின் சூட்சுமத்தை ஒர்த்தான்ஸ் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். அப்போதெல்லாம் அவருக்குப் பிரான்சில் மர்செய் துறைமுகத்திலிருந்து சிநேகிதர்கள் மூலம் அரைக் கிலோ டின்னாக வரும். மூடியைத் திறந்த புதிதில் புகையிலை பேரீச்சம்பழம் மாதிரி பிசுபிசுத்து இருக்கும், புகை பால்போலத் திரண்டு வரும், அந்தப் புகையை வளையமாக்குவது மனிதனுக்குச் சிரமமே இல்லை, அதனால் அவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லிக்கொண்டிருப்பார்; டின் பாதிக்கு இறங்க இறங்க இலை காய்ந்து, சுருங்கி, அடியில் மருதாணிப் பொடியாக நின்றுபோகும், அந்தப் பொடியைப் பற்றவைத்தால் புகை சூடாக ஊசிமாதிரி கிளம்பி நாக்கைச் சுடும், நாக்கு சுட்டவன் எதற்கு ஆமாம் சொல்வான், எல்லாம் இல்லைதான். அரைக் கிலோ டின் என்றால் கொஞ்ச நாள் ஆமாம், மிச்ச நாளெல்லாம் இல்லை. தையல் மெஷின் கேட்டு மூன்று டின் அடிமட்டத்தில் தோற்றபிறகுதான் அவளுக்கு இது புரிந்தது.

புரிந்ததும் அவள் சண்டை போடவில்லை. "பெரிய டின்னை வெளியில வெச்சா உங்க தம்பி கஸ்பார் வரும்போதெல்லாம் ஒரு பிடி அள்ளிக்கிட்டுப் போறான்" என்று மட்டும் சொன்னாள். அடுத்த வாரத்திலிருந்து கடைத்தெருவில் நெய்னா மரைக்காயர் கடையில் ஐம்பது கிராம் பை வாங்கத் தொடங்கினார் அர்சேன். சின்னப் பை, காய்வதற்கு முன்னால் தீர்ந்துவிடும், தீர்ந்ததும் அடுத்தது பிரியும். வீட்டில் ஆமாமுக்குக் குறைவில்லை. கத்திரி வெயிலில் பைக்குள்ளே ஒரு துண்டு உருளைக்கிழங்கு போட்டுவைப்பாள். முக்கியமான காரியமாக இருந்தால் ஆப்பிள் தோல். தையல் மெஷின் உருளைக்கிழங்கில் வந்தது. மர்சேல் பாரிசுக்குப் போனது ஆப்பிளில். ஒருமுறை பேராசையில் எலுமிச்சைத் தோலைப் போட்டு, புகையிலை பூசணம் பூத்து, பைப் குடுகுடுவென்று ஹூக்காமாதிரி இரைந்து, ஆமாமும் இல்லாமல் இல்லையும் இல்லாமல் அவர் ஒரு சாயங்காலம் முழுக்க இருமிக்கொண்டிருந்தார். அதிலிருந்து அளவு தெரிந்துவிட்டது.

அந்த வித்தை ஒரே ஒரு தடவை பலிக்காமல் போனது. ஒரு நாய் வளர்க்க அவளுக்கு ஆசை. நல்ல அடைமழையில், அப்போதுதான் பிரித்த பையில், உருளைக்கிழங்கும் போட்டு நிரப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள். புகை கயிறுமாதிரி உத்திரத்துக்குப் போனது. மறுநாள் நெய்னா கடைக்குப் போய், "என்ன நெய்னா நானா, பழைய சரக்கைத் தள்ளிவிட்டுட்டீங்களா?" என்று சத்தம் போட்டுவிட்டு வந்தாள். நெய்னா அந்தப் பையை வாங்கி மோந்து பார்த்து, "மதாம், இதைப் பிழிஞ்சா ஜூஸ் வரும்" என்றார். அவள் நம்பவில்லை.

அவர் செத்த பிறகும் வீடு அப்படியேதான் நடந்தது. ஆறு மணிக்குத் தட்டும், நிரப்புவாள், ஏழு மணி வரை புகையும். முதலில் கேள்வியோடு வந்தவள் மீன்காரி அஞ்சலை. அவள் மகளை ஒரு பெயின்டர் பையன் கேட்கிறான், வேறு சாதி, கொடுக்கலாமா என்று கேட்டு, சும்மா கேட்கக்கூடாது என்று இடுப்பில் செருகிவந்த ஐம்பது கிராம் பை ஒன்றை நாற்காலியில் வைத்தாள். ஒர்த்தான்ஸ் அதைப் பிரித்துப் பார்த்தாள். மீன்கூடைத் தண்ணீரும் அஞ்சலையின் வேர்வையும் சேர்ந்து பை ஈரமாகவே இருந்தது. புகை ஒரு தோசை அளவுக்கு வளையமாக வந்து, அஞ்சலையின் தலைக்குமேல் கொஞ்சநேரம் நின்று, அப்புறம் ஜன்னல் வழியாக வெளியே போனது. தெரு கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தது.

அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. கேட்கிறவர் கொண்டுவரும் புகையிலையில்தான் பதில். சின்னக் கேள்விக்கு ஐம்பது கிராம் பை, கல்யாணம் காட்சிக்கு நூறு கிராம் தகர டப்பா, நிலத் தகராறுக்குக் கால் கிலோ என்று தெருவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டது. ரைஸ்மில் சிங்காரவடிவேலு, அடுத்த மனைக்காரனுடைய வேலியைத் தள்ளிப்போடலாமா என்று கேட்பதற்கு அரைக் கிலோ டின் கொண்டுவந்தார். கொண்டுவந்தது எல்லோருக்கும் தெரியவேண்டும் என்பதற்காக மூடியைத் திறந்து, மாலை போட்டு, வெற்றிலைத்தட்டில் வைத்து, வாரம் முழுவதும் மில் வாசலில் ஃபேனுக்கு அடியில் பார்வைக்கு வைத்திருந்துவிட்டுக் கொண்டுவந்தார். புகை நேராகப் போனது. தெரு அதிலிருந்து ஒரு நியாயத்தைக் கற்றுக்கொண்டது: அர்சேன் உயிரோடு இருந்தவரை பென்ஷன்காரர், செத்தபிறகு ஏழைகள் பக்கம். கட்சிக்காரர்கள் இரண்டுபேர் வந்து அவருடைய போட்டோ ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்கள். ராணுவ உடுப்பில் இருந்த போட்டோதான் இருந்தது. பரவாயில்லை, தொப்பியை மட்டும் மறைத்துக்கொள்கிறோம் என்று வாங்கிப் போய், பிரதி எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள்.

பங்குச் சாமியாருக்கு முதலில் இது பிடிக்கவில்லை. ஆன்மா இருக்கவேண்டிய இடத்தில் இருக்கவேண்டும், சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வரக்கூடாது என்றார். ஒருநாள் தீர்த்தச் செம்போடு வந்து, ஜெபம் சொல்லி, நாற்காலிக்கும் பைப்புக்கும் பக்கத்தில் திறந்து கிடந்த புகையிலைக்கும் சேர்த்து நன்றாகத் தெளித்தார். தட்டல் கேட்டது, ஒர்த்தான்ஸ் நிரப்பினாள். சாமியார் கோபத்தில், "இதெல்லாம் உண்மையா இருந்தா, கோயில் மணிக்கூண்டுக்கு இந்த வருஷம் மேத்தளம் போடுவாங்களான்னு சொல்லட்டும்" என்றார். அந்த வீட்டில் அதுவரை யாரும் பார்க்காத மாதிரி, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையம் வந்தது. சாமியார் செம்பை மூடினார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், பாவம் தீரும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் ஆன்மாக்களுக்குச் சில சலுகைகள் உண்டு என்று சொன்னார்.

உத்தரிக்கிற ஸ்தலம் என்ற சொல் கிடைத்தவுடன் தெருவுக்கு மிச்சமும் விளங்கிவிட்டது. சித்திரை வைகாசியில் அர்சேன் யாருக்கும் ஆமாம் சொல்வதில்லை. பாவம், அங்கே தீயில் கிடக்கிறார், நமக்கே இந்தக் கொதி கொதிக்கிறது என்றால் அவருக்கு எப்படி இருக்கும். ஐப்பசி பிறந்து மழை தொடங்கி, நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்து, நாம் எல்லோரும் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தால் அவருக்குக் குளிர்ந்துவிடுகிறது, கேட்டதற்கெல்லாம் வளையம் விடுகிறார். காது குத்து, கிரகப்பிரவேசம், மோட்டார் சைக்கிள், சீதனமாக வந்த மஞ்சக்காணியை விற்பது எல்லாம் அடைமழையில் குடையோடு வரிசையில் நின்றது. ஒர்த்தான்ஸ் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிரப்பிக்கொண்டிருந்தாள். கேட்கிறவர்கள் பையை முதல்நாளே கொண்டுவந்து போட்டோவுக்கு முன்னால் வைத்துவிட வேண்டும், அவர் மோந்து பார்க்கவேண்டும் என்று ஒரு விதியை மட்டும் அவள் சேர்த்தாள். அப்படி வைத்த பைகளில் சிலவற்றில் உருளைக்கிழங்கு போகும், சிலவற்றில் போகாது. மனைவியை அடிக்கிறவன் கொண்டுவந்த பை ஒன்று ஒர்த்தான்ஸ் வீட்டு அடுப்பு மேடையில் ஒரு ராத்திரி காய்ந்து கிடந்தது. அவளுக்கு அதில் குற்ற உணர்ச்சி ஒன்றும் இல்லை. யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்லத்தானே வேண்டும்; அவர் சொன்னதாக இருக்கட்டுமே.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்த சமயம் கஸ்பார் வந்தான். அர்சேனின் தம்பி, அவனும் சொல்தாவாகப் போக முயன்று, தட்டைப்பாதம் என்று திருப்பி அனுப்பப்பட்டு, அதிலிருந்து செருப்பைத் தேய்த்துக்கொண்டே நடப்பவன். நாற்காலியில் உட்காரவில்லை, எதிரே பெஞ்சில் உட்கார்ந்தான்.

"அண்ணி, மர்சேல் போன் பண்ணான்."

"எனக்கும் பண்ணான்."

"அம்மாவ அழைச்சிக்கிறேன்னு சொல்றான். பேப்பரெல்லாம் ரெடியாம். இங்க தனியா என்ன பண்றீங்க? அங்க போனா லிஃப்ட் வெச்ச வீடு."

"நான் போயிட்டா இந்த வீட்டை யாரு பாத்துக்குவா?"

"நான் இல்லையா?" என்றான் கஸ்பார், அடிபட்டவன்போல. "சும்மா பூட்டிப் போட்டா கரையான் வந்துடும். திருநள்ளாறுக்குச் சனிப்பெயர்ச்சிக்கு எவ்ளோ கூட்டம் வருது, தங்க எடம் இல்லாம பஸ் ஸ்டாண்டுல படுத்துக் கெடக்கறாங்க. கூடத்தை நாலு ரூமா தடுத்தா..."

"சேசுவே" என்றாள் ஒர்த்தான்ஸ். "சனி பகவானை நம்பி லாட்ஜா? ஞாயித்துக்கெழமை பூசைக்கு எந்த மூஞ்சியோட போவ?"

"சாமியார்கிட்ட கேட்டுட்டேன். யாத்ரிகர்களுக்கு இடம் கொடுக்கறது புண்ணியம்தானாம். எந்த யாத்ரிகர்னு நான் சொல்லலை." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நான் எதுவும் சொல்லலை அண்ணி. அண்ணன்கிட்டயே கேட்டுடுவோம். கல்லறைத் திருநாளுக்கு மறுநாள். தெருவும் இருக்கட்டும்."

பிரான்சு அவளுக்குத் தெரியாத ஊர் இல்லை. மர்சேலுக்குக் குழந்தை பிறந்தபோது ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே இருந்தாள். அந்த ஜன்னல் ஒரு கை நுழையும் அளவுக்குமேல் திறக்காது. ஹீட்டர் இரவும் பகலும் ஓடும். கொண்டுபோன கறிவேப்பிலை நொறுங்கியது, ஊறுகாய் உப்புப் பூத்தது, அவள் உதடு வெடித்தது, கையில் கோடு போட்டால் வெள்ளையாக நின்றது. மருமகள் நல்லவள், "மமோன், சா வா?" என்று சௌக்கியம் கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவாள், அதற்குப் பதில் சொல்ல அவளுக்கு வளையமும் வராது, கயிறும் வராது. ஊர் திரும்பி, காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அரசலாற்றுக் காற்றும் கருவாட்டு வாடையும் மூஞ்சியில் அடித்தபோது, தோல் தண்ணீர் குடிக்கிற சத்தம் அவளுக்கே கேட்டது. இப்போது கட்டிலின் நடுவில் படுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்கு பொம்பளைகள் வருகிறார்கள், கேரம் ஆடுகிறார்கள், கெட்ட வார்த்தை பேசுகிறார்கள். இதை விட்டுவிட்டுப் போகிற மாதிரி அவளுக்கு ஒரு எண்ணமும் இல்லை.

புகைக்குக் கட்டுப்பட மாட்டேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் ரைஸ்மில்காரர் வேலியைத் தள்ளிப்போடாமல் கட்டுப்பட்டார். தாலி கட்டியவனை விட்டு வா என்று வந்த பதிலை நம்பி ஒரு பெண் இரண்டு குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். அஞ்சலையின் மருமகனுடைய அப்பா இன்றைக்கும், "சொல்தா வளையம் விட்டாரேன்னுதான் ஒத்துக்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இதெல்லாம் ஈரம் ஐயா, உருளைக்கிழங்கு ஐயா என்று அவள் வாயைத் திறந்தால், வேலி நகரும், அந்தப் பெண் திரும்பிப் போகவேண்டும், பெயின்டர் பையன் வேறு சாதியாகிவிடுவான். அவள் தெருவுக்குக் கொடுத்த புகையில் அவளே மாட்டிக்கொண்டிருந்தாள். அதைவிட மோசம், அடுப்பு மேடையில் கிடந்த அந்த ஒரு பையைத் தவிர, ஆயுள் முழுக்க ஆமாம் வரவழைக்கவே கற்றவள் அவள். இப்போது வேண்டியது ஒரு இல்லை, அதுவும் சுவரே வியர்க்கிற மாதத்தில்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் கஸ்பார் பையைக் கொண்டுவந்தான். தெருவின் ஞானத்தை அவனும் கற்றிருந்தான்: பெரிய டின் வேண்டாம், ஐம்பது கிராம்தான் ராசி. பாரிசிலிருந்து வரவழைத்த பை, பளபளவென்று, நான்கு பக்கமும் ஒட்டி, செங்கல்மாதிரி இறுகி இருந்தது.

"பிரிக்காம வெச்சிருங்க அண்ணி. எல்லார் முன்னாடியும் நானே பிரிக்கிறேன்" என்றான். சந்தேகத்தில் சொல்லவில்லை. விழாவாகச் செய்ய ஆசைப்பட்டான்.

அவன் போனதும் அவள் பையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நெய்னா கடைக்குப் போனாள். நெய்னா மரைக்காயர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கட்டைவிரலால் அழுத்தினார்.

"உள்ள காத்தே கிடையாது மதாம். பேரப்புள்ள காலத்துல பிரிச்சாலும் கையில ஒட்டும்."

"அதைக் காய வைக்கணும்."

நெய்னா கண்ணாடியைத் திரும்ப மூக்குக்கு இறக்கினார். "காய வைக்கவா? நீங்களா? ஈரம் போதலை, ஈரம் போதலைன்னு என் தாலிய அறுத்த பொம்பளை..."

"நானா, கேள்வி கேக்காதீங்க. கேள்விக்குத்தான் எங்க வீட்டுல ஆள் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. மிக்சர் பாக்கெட் ஒன்றைக் கையில் எடுத்து, அதன் அடிப்பக்கத்தை அவளிடம் காட்டினார். "இதை எப்படி ஒட்டறேன்?"

"மெழுகுவத்தியில."

"அப்புறம் என்ன. அடியில பிரிங்க. மனுஷன் எவனும் மேல்பக்கத்தைத்தான் பார்ப்பான்." கொஞ்சம் யோசித்து, "வறுத்தா வாடை வரும். தெரு மோப்பம் புடிச்சுடும்" என்றார்.

"அதுக்கு வழி இருக்கு" என்றாள்.

கல்லறைத் திருநாள் அன்று காலையில் மழைக்கு நடுவே எல்லோரோடும் போய் அர்சேனின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினாள். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. கடைசியாக அணைந்த ஒன்றைத் துடைத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அங்கே நின்று, "மன்னிச்சுக்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்லலாமா என்று நினைத்தாள். எதற்கு என்று தெளிவாக இல்லாததால் சொல்லவில்லை. மத்தியானம் கதவைச் சாத்தினாள். ஒரு அடுப்பில் தோசைக்கல்லை வைத்துப் புகையிலையைச் சேமியா வறுப்பதுபோல இளந்தீயில் வறுத்தாள், பக்கத்து அடுப்பில் பெரிய திருக்கைக் கருவாடு ஒன்றைச் சுட்டாள். தெரு முழுக்கக் கருவாடு மணத்தது. எதிர்வீட்டிலிருந்து, "ஒர்த்தான்சக்கா, ஆத்துமாக்கள் நாளும் அதுவுமா இதென்ன இவ்ளோ ருசி?" என்று குரல் வந்தது. "அவருக்குப் புடிக்கும்" என்று உள்ளிருந்தே சொன்னாள். கருவாடு அவருக்குப் பிடிக்காது. புகையிலை பழுப்பாகி, நொறுங்கி, கையால் எடுத்தால் விரலிடுக்கில் மணல்மாதிரி கொட்டியது. பையில் திரும்பப் போட்டபோது பாதிதான் நிறைந்தது. மிச்சத்துக்குக் கொஞ்சம் வறுத்த உமியைப் போட்டாள். கல்லறை மெழுகுவத்தியை ஏற்றி, அடிப்பக்கத்தை ஒட்டி, இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் வைத்து அழுத்தினாள். நெய்னாவே வந்து பார்த்தாலும் மேல்பக்கத்தைத்தான் பார்ப்பார்.

மறுநாள் ஐந்தரைக்கெல்லாம் கூடம் நிறைந்துவிட்டது. சாமியார் வந்தார். சிங்காரவடிவேலு, பிறத்தியாருக்கு இல்லை வருவதைப் பார்க்கும் ஆசையில், முன்வரிசையில் உட்கார்ந்தார். அஞ்சலை வாசல்படியில் நின்றாள். வெளியே கொட்டியது, உள்ளே எல்லோருடைய உடம்பிலிருந்தும் ஆவி கிளம்பி நிலைக்கண்ணாடி வெளுத்துப் போயிருந்தது. ஒர்த்தான்ஸ் அந்தக் காற்றைப் பார்த்துப் பயந்தாள். இந்தக் காற்றில் கல்கூட ஊறும்.

டொக் டொக்.

கஸ்பார் பையை உயரத் தூக்கி எல்லோருக்கும் காட்டி, மேல்பக்கத்தைக் கிழித்தான். ஆயுளில் பைப் பிடிக்காதவன், அண்ணன் டின்னில் ஒருநாளும் கைவைக்காதவன், உள்ளே இருப்பது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, பொடியை மூக்கருகில் கொண்டுபோனான். "கருவாட்டு வாடை வருதே" என்றான்.

"பாரிஸ் சரக்கு" என்றாள் ஒர்த்தான்ஸ். "அப்படித்தான் இருக்கும்."

நிரப்பினாள். அமுக்கும்போது கட்டைவிரலுக்கடியில் நொறுங்கியது. பைப் எழுந்து, பற்றிக்கொண்டது. கஸ்பார் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பவன்போல, "அண்ணா, அண்ணி பிரான்சுக்குப் போகட்டுமா?" என்றான்.

பைப் கங்கு சிவந்தது. மங்கியது. மறுபடி சிவந்தது. பதில் வர இவ்வளவு நேரம் ஆகி யாரும் பார்த்ததில்லை. ஒர்த்தான்ஸ் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெல்லிசாக, நூல்மாதிரி, வளையாமல் நெளியாமல், ஒரு புகை கிளம்பி, மின்விசிறி இறக்கைக்கு நடுவில் நுழைந்து, உத்திரத்தைத் தொட்டது.

"இல்லை" என்று கூடம் முழுக்கச் சொன்னது, பூசையில் ஆமென் சொல்வதுபோல.

"கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் இல்லைன்னாரா?" என்றான் கஸ்பார். "மழையில இல்லைன்னாரா? இன்னொரு தரம் கேக்கறேன்."

"ஒரு கேள்விக்கு ஒரு புகைதான்" என்றாள் அஞ்சலை வாசலிலிருந்து. "எம் பொண்ணு கல்யாணத்துக்கு ரெண்டு தரமா கேட்டேன்?"

"எனக்கு ஒரு தரம்தானே சொன்னாரு, நான் கேட்டுக்கலையா?" என்றார் ரைஸ்மில்காரர், உற்சாகமாக. சாமியார், ஆன்மாவுக்கு வீட்டில் ஆள் இருப்பது தேவைப்படலாம் என்று ஒரு விளக்கம் சொன்னார். கஸ்பார் செருப்பைத் தேய்த்துக்கொண்டு மழையில் இறங்கினான். கொஞ்சதூரம் போய்த் திரும்பிவந்து குடையை எடுத்துக்கொண்டான். "ராத்திரிக்கு மீன் குழம்பு வெச்சு அனுப்பறேன், தம்பி" என்றாள் ஒர்த்தான்ஸ். அவன் தலையாட்டினான். எல்லோரும் போனார்கள்.

பைப் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. உமியும் பொடியும் கடைசி கங்கில் வெடித்துக்கொண்டிருந்தன. அவள் கஸ்பார் உட்கார்ந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜெயித்தவள் உட்காருவதுபோல நன்றாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள். அப்புறம், எந்தக் காரணமும் இல்லாமல், இதுவரை எந்த டின்னிலும் எந்தப் பருவத்திலும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"ஏங்க, நான் ஈரம் பாத்துத்தான் கேக்கறேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கங்கு நன்றாகச் சிவந்தது. அந்தப் பொடியிலிருந்து, அந்த உமியிலிருந்து, புகைக்கே வழியில்லாத அந்தச் சாம்பலிலிருந்து, வெண்ணெய் மாதிரி திரண்டு, விளிம்பு கலையாமல், ஒரு வளையம் வந்தது. சாவகாசமாகச் சுழன்றுகொண்டே அவள்வரை வந்து, மூக்கின்மேல் ஒரு கணம் நின்று, அவிழ்ந்தது.

முதலில் உருளைக்கிழங்குகள் நினைவுக்கு வந்தன. எத்தனை கிலோ, அத்தனையும் தண்டம். அப்புறம் ஆப்பிள் தோல், ஆப்பிள் விற்கிற விலையில். அதற்கப்புறம்தான், இந்தப் பொடியில் வளையம் விடத் தெரிந்த மனிதர் சற்றுமுன் ஊர் பார்க்க நூல்மாதிரி புகை விட்டது வேறு வழியில்லாமல் அல்ல என்பது அவளுக்கு உறைத்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள யாரும் அங்கே இல்லை.

பிறகு திடீரென்று எழுந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, நாற்காலியை முறைத்தாள்.

"அப்படின்னா நாய் வேணாம்னது நீங்கதானா? நான் பாவம் அந்த நெய்னாவ..."

பைப் சட்டென்று அணைந்துவிட்டது. ஏழு மணிக்கு முன்னால் அது அணைந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் அஞ்சலையோடு மீன் மார்க்கெட்டுக்குப் போய், செவலை நிறத்தில் காது ஒன்று மடிந்த குட்டி ஒன்றைக் கூடையில் வைத்துக்கொண்டு வந்தாள். வழியில் நெய்னா கடையில் நின்று, மன்னிப்பு என்று சொல்லாமல், தேவையில்லாமல் இரண்டு பாக்கெட் மிக்சர் வாங்கினாள். சாயங்காலம் டொக் டொக் என்று தட்டியது. நாய் காதை நிமிர்த்தி, வெறும் நாற்காலியைப் பார்த்து, வீடு அதிரக் குரைத்தது. ஒர்த்தான்ஸ் புதுப் பை ஒன்றைப் பிரித்து, ஈரம் பார்க்காமல் நிரப்பி வைத்தாள். புகை விறைப்பாக, ராணுவத்தில் நிற்பதுபோல, நேராக மேலே போனது.

"உங்களை யாரும் ஒண்ணும் கேக்கலையே" என்று சொல்லிவிட்டு, அவள் நாய்க்குப் பால் ஊற்றப் போனாள்.